பாட்டியையும் ஏத்திக்கிட்டு ஓட்டிப் பாருங்க! பழைய கார், இன்ஜின் சைஸ்: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே சமாச்சாரம்தான். குடும்பத்துக்கு செகண்ட் ஹேண்ட்ல ஒரு கார் எடுக்கணும், இன்ஜின் சின்னதா பெருசா? அதனால மத்த கேள்விய எல்லாம் ஓரமா வச்சிட்டு இதையே பாத்துருவோம், டயர் பத்தி கேட்டவங்க கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: சார், வீட்ல நாங்க அஞ்சு பேர். நான், மனைவி, வளந்த பசங்க ரெண்டு பேர், எங்க அம்மா. ஒரே மாடல்ல ரெண்டு வண்டி பாத்து வச்சிருக்கேன், ரெண்டும் பெட்ரோல், ரெண்டும் மேனுவல், இன்ஜினுக்குள்ள காத்த அமுக்கித் திணிக்கற டர்போ கிடையாது. ஒண்ணு 1 லிட்டர், 45,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. இன்னொண்ணு 1.5 லிட்டர், 80,000 ஓடியிருக்கு, ரெண்டு வருஷம் கூடுதலா பழசு. விலை கிட்டத்தட்ட ஒண்ணுதான். மனசு என்னவோ கிலோமீட்டர் கம்மியா இருக்கறது பக்கமே போகுது. எதை எடுக்கலாம்?

பதில்: என் கதைய முதல்ல சொல்லிடறேன், அப்புறம் உங்க கதைக்கு வரலாம். பல வருஷத்துக்கு முன்னாடி நானும் ஒரு 1 லிட்டர் வண்டி வாங்கினேன், பழசுதான், ஆனா கண்ணாடி மாதிரி வச்சிருந்தாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை காலைல நான் மட்டும் போய் ஓட்டிப் பாத்தேன், ரோடு காலி, சமதரை, ஏசி கூட போடல, வண்டி சும்மா பறந்துச்சு, அங்கேயே அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துட்டேன். முதல் லீவுக்கு அஞ்சு பேரும் ஏறி, டிக்கில மூணு பெட்டி, மலைப்பாதைல போறோம், நாலாவது கியர் தாங்கல, மூணாவது போட்டேன், அதுவும் இழுக்கல, ரெண்டாவது போட்டா இன்ஜின் அலறுது, பின்னாடி லாரிக்காரர் ஹாரன் மேல ஹாரன். பக்கத்துல இருந்த என் மனைவி ஒண்ணுமே சொல்லாம கைய நீட்டி ஏசிய ஆஃப் பண்ணாங்க. வண்டி லேசா தலைய தூக்குச்சு. அதுக்கப்புறம் அந்த வண்டி எங்ககிட்ட இருந்த வரைக்கும் ஏத்தம் வந்தாலே அவங்க கை தானா அந்த பட்டனுக்கு போயிரும், பின்னாடி பசங்க கண்ணாடிய இறக்குவாங்க, யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல.

ஏன் அப்படி ஆச்சுன்னு பின்னாடி உக்காந்து கணக்கு போட்டேன், அதை உங்களுக்கும் போட்டுக் காட்டறேன். 1,000 கிலோ எடையுள்ள ஒரு கார், 70 கிலோ டிரைவர் மட்டும். 100 மீட்டர் போனா 10 மீட்டர் உயர்ற ஏத்தம். அதுல 60 கிலோமீட்டர் வேகத்துல ஏற, காத்து, டயர் உராய்வு எல்லாம் சேத்து தோராயமா 30 குதிரை சக்தி வேணும். இப்ப இன்னும் நாலு பேர் ஏறியாச்சு, பெட்டியும் ஏறியாச்சு, ஏசியும் போட்டாச்சு, அதே ஏத்தம் அதே வேகம், இப்ப தேவை 42 குதிரைக்கு மேல. சாதாரண 1 லிட்டர் பெட்ரோல் இன்ஜினோட டார்க், அதாவது சுத்தற இழுவை, 90 நியூட்டன் மீட்டர் சுத்திதான் இருக்கும், அது 3,000 ஆர்பிஎம்ல, அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுத்து சுத்தறப்ப, தர்றது 37, 38 குதிரை. அதாவது தனியா ஓட்டினப்ப போதும் போதும்னு இருந்தது, குடும்பத்தோட போறப்ப அஞ்சு குதிரை குறையுது! அந்த அஞ்சுக்குத்தான் கியர குறைச்சு 4,000 ஆர்பிஎம்முக்கு மிதிக்க வேண்டியிருக்கு, அதுக்குத்தான் ஏசி பட்டன். விளம்பரத்துல 67 பிஎச்பி, அதாவது 67 குதிரைன்னு போட்டிருப்பாங்க, பொய் இல்ல, ஆனா அது 5,500 ஆர்பிஎம்ல வர்றது, அங்க வரைக்கும் யாரு சாமி மிதிக்கறா, பின்னாடி அம்மா உக்காந்திருக்கறப்ப.

உங்க 1.5 லிட்டர்ல டார்க் 140 பக்கம் இருக்கும். வண்டி ஒரு 150 கிலோ கனம் ஜாஸ்தின்னு வச்சாலும் அதே ஏத்தத்துக்கு 46 குதிரை கிட்ட தேவை, 3,000 ஆர்பிஎம்ல 60 கிட்ட கைல இருக்கு. மிச்சம் இருக்கு பாருங்க, அதுதான் ஓவர்டேக் பண்றப்ப உயிர காப்பாத்தும்.

அதனால நீங்க எனக்கு சொல்ல வேண்டியது ஒண்ணுதான், அஞ்சு பேரும் சேந்து எத்தனை தடவ போவீங்க? வாரா வாரம்னா யோசிக்காம 1.5 பக்கம் போங்க. 80,000ங்கறத பாத்து பயப்படாதீங்க, நீண்ட ரோட்டுல சீரா ஓடுன 80,000த்தவிட தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்து, இன்ஜின் சூடாகறதுக்குள்ள ஆஃப் பண்ணி ஆஃப் பண்ணி ஓடுன 45,000 மோசமா இருக்கலாம். சர்வீஸ் புக்க வாங்கிப் பாருங்க, ஆயில் மாத்தின தேதியும் கிலோமீட்டரும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகுதான்னு பாருங்க. தினமும் நீங்க ஒருத்தர்தான் ஆபீசுக்கு, மொத்த குடும்பமும் ஏறறது எப்பவாவதுதான்னா 1 லிட்டரே போதும். ஆனா ரெண்டுல எதுவா இருந்தாலும் அம்மாவையும் ஏத்திக்கிட்டு ஒரு ஏத்தத்துல ஏசி போட்டு ஓட்டிப் பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. என்னைய மாதிரி ஞாயித்துக்கிழமை காலைல தனியா போயிடாதீங்க.

கேள்வி: சின்ன இன்ஜின்னா மைலேஜ் ஜாஸ்தி, பெரிய இன்ஜின்னா கம்மி, இதுதானே உலக வழக்கம்? எங்க பெரியப்பா பையன் வச்சிருக்கற 1 லிட்டர் டர்போ என்னோட பழைய 1.6 அளவுக்குத்தான் குடுக்குது, நெடுஞ்சாலைல அதைவிட கம்மி. அவன் வண்டில ஏதாச்சும் ரிப்பேரா?

பதில்: வண்டில ஒண்ணும் இருக்காது, அவர் கால்ல இருக்கும். விளையாட்டுக்கு சொல்லல.

பெட்ரோல் இன்ஜின்ல ஆக்சிலேட்டர்ங்கறது காத்து வர்ற வழிய திறந்து மூடற ஒரு தட்டுதான். பெரிய இன்ஜின டவுன்ல மெதுவா ஓட்டறப்ப அந்த தட்டு கிட்டத்தட்ட மூடியே இருக்கும், இன்ஜின் அந்த சின்ன சந்து வழியா மூச்சை இழுக்கறதுக்கே சக்திய செலவு பண்ணும், ஸ்ட்ராவ விரல்ல நசுக்கிக்கிட்டு ஜூஸ் உறிஞ்சிப் பாருங்க, புரியும். சின்ன இன்ஜின்ல அதே வேலைக்கு தட்டு நல்லா திறந்திருக்கும், இழுக்கறது சுலபம், அந்த அளவுக்கு பெட்ரோல் மிச்சம். இதுதான் சின்ன இன்ஜினோட மைலேஜ் ரகசியம், இது நிஜம்தான், டவுனுக்குள்ள நிதானமா ஓட்டற வரைக்கும்.

நெடுஞ்சாலைல கதை மாறிடும். வேகம் ஏற ஏற காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கமா ஏறும், அதை தள்ளிக்கிட்டு போக வேண்டிய சக்தி வேகத்தோட கனமா, அதாவது வேகத்த மூணு தடவ பெருக்கின கணக்குல ஏறும், 80ல போனதுக்கும் 120ல போறதுக்கும் காத்துக்காக மட்டும் மூணு மடங்குக்கு மேல சக்தி வேணும். அப்ப சின்ன டர்போ இன்ஜின் தன் சக்தில பெரும்பகுதிய ஓயாம குடுத்துக்கிட்டே இருக்கணும், சூடு ஏறும், நிறைய டர்போ இன்ஜின்கள்ல அந்த சூட்ட தணிக்க கம்ப்யூட்டரே கூடுதலா பெட்ரோல ஊத்தும், எரிக்கறதுக்கு இல்ல, குளுர வைக்க! மிச்சம் புடிச்சதெல்லாம் அங்க போயிரும்.

இதுக்கு ஒரு நல்ல சாட்சி இருக்கு. டொயோட்டா பிரியஸ் ஹைப்ரிட்ல ரெண்டாவது தலைமுறை வரைக்கும் 1.5 லிட்டர் இன்ஜின். 2009ல வந்த மூணாவது தலைமுறைல அதை 1.8 ஆக்கினாங்க. இன்ஜின் பெருசாச்சு, மைலேஜ் குறையல, கூடுச்சு. நெடுஞ்சாலைல அதே வேகத்துக்கு குறைஞ்ச ஆர்பிஎம் போதும்ங்கறது அதுக்கு ஒரு முக்கிய காரணம்.

அப்புறம் அந்த பேப்பர் மைலேஜ் விஷயம். ஐரோப்பாவுல 2017 வரைக்கும் மைலேஜ் சோதனை என்இடிசின்னு ஒரு முறைல நடந்துச்சு, ஒரு அறைக்குள்ள உருளை மேல வண்டிய நிறுத்தி 11 கிலோமீட்டர், சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர் அளவுதான், ஆக்சிலேட்டர பூவ மிதிக்கற மாதிரி மிதிப்பாங்க. அந்த சோதனைல சின்ன டர்போ இன்ஜின் டர்போவ பெருசா எழுப்பாமலே பாஸ் ஆயிரும். 2017 செப்டம்பர்ல இருந்து டபிள்யூஎல்டிபின்னு புது முறை வந்துச்சு, 23 கிலோமீட்டர், வேகம் 131 வரைக்கும் போகும், அதுல நம்பர் நிஜத்துக்கு கொஞ்சம் பக்கமா வந்துச்சு. நீங்க வாங்கப்போற பழைய கார் எந்த முறைல அளந்ததுன்னு தெரியாம ரெண்டு வண்டி மைலேஜ ஒப்பிட்டா, ஒருத்தர அடியால அளந்துட்டு இன்னொருத்தர முழத்தால அளக்கற கதைதான்.

கேள்வி: 1 லிட்டர், 3 சிலிண்டர், டர்போ பெட்ரோல், 90,000 ஓடினது. ஓட்டிப் பாத்தேன், அருமையா இழுக்குது, மனசு போயிருச்சு. ஆனா எங்க மெக்கானிக் அண்ணன் டர்போன்னு சொன்ன உடனே கைய உதறிட்டார். எடுக்கலாமா வேணாமா?

பதில்: உங்க அண்ணன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, உங்க மனசு போனதுலயும் நியாயம் இருக்கு.

இன்ஜினுக்கு சாப்பாடு பெட்ரோல்னு நினைக்கறோம், நிஜத்துல தட்டுப்பாடு காத்துக்குத்தான். 1,000 சிசி இன்ஜின் தன்னால ரெண்டு சுத்துக்கு அதிகபட்சம் ஒரு லிட்டர் காத்து இழுக்கும், அதுக்கு மேல பெட்ரோல ஊத்தி பிரயோசனமில்ல. டர்போ அந்த காத்த அமுக்கி உள்ள திணிக்குது, 1 லிட்டர் இன்ஜின் 1.6, 1.8 லிட்டர் வேலைய பாக்குது. டர்போ இல்லாத 1 லிட்டர்ல 90 நியூட்டன் மீட்டர்னு மேல சொன்னேன்ல, டர்போ உள்ளதுல 170 வரைக்கும் வரும், அதுவும் 1,500 ஆர்பிஎம்லயே. மலைப்பாதைல இன்னொரு லாபம், உயரம் 1,000 மீட்டர் ஏறினா டர்போ இல்லாத இன்ஜின் பத்துல ஒரு பங்கு சக்திய இழந்துரும், காத்து லேசாயிரும்ல, டர்போ அதை பெருமளவு சரிக்கட்டிரும். சின்ன டர்போன்னா மட்டம்னு நினைக்காதீங்க, ஃபோர்டோட 999 சிசி 3 சிலிண்டர் டர்போ 2012, 2013, 2014ன்னு தொடர்ந்து மூணு வருஷம் இன்டர்நேஷனல் இன்ஜின் ஆஃப் தி இயர் விருது வாங்குச்சு.

ஆனா பழசா வாங்கறப்ப பிரச்சினை, முதல் ஓனர் அதை எப்படி வச்சிருந்தார்ங்கறதுதான். டர்போவோட சக்கரம் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல சுத்துது, அதை தாங்கிக்கிட்டு இருக்கறது ஒரு மெல்லிசான ஆயில் படலம். ஆயில் மாத்தறத தள்ளிப்போட்டா டர்போ இல்லாத பழைய இன்ஜின் முணுமுணுத்துக்கிட்டே பொறுத்துக்கும், டர்போ பொறுக்காது. நேரடியா சிலிண்டருக்குள்ள பெட்ரோல் பீச்சற வகைல இன்னொண்ணும் உண்டு, வால்வு மேல பெட்ரோல் பட்டு கழுவறதே இல்லையா, அதனால நாளாக நாளாக கரி படியும், ஐடில்ல, அதாவது வண்டி நின்னபடி இன்ஜின் ஓடறப்ப, நடுங்கும். அதோட சின்ன டர்போக்கள குறைஞ்ச ஆர்பிஎம்ல பெரிய கியர்ல போட்டு அமுக்கி மிதிச்சா எரிபொருள் முன்கூட்டியே தீப்பிடிச்சு பிஸ்டனையே உடைக்கலாம், இதுக்குன்னே 2018ல எஸ்என் பிளஸ்னும் 2020ல எஸ்பின்னும் ஆயில் தரமே புதுசா கொண்டு வந்தாங்க. கடைசியா என்ன ஆயில் ஊத்தினீங்கன்னு ஓனர்கிட்ட கேளுங்க, "ஏதோ நல்ல ஆயில்தான் ஊத்துவாங்க"ன்னு சொன்னார்னா அதுவே பதில்.

சில 3 சிலிண்டர் டர்போக்கள்ல வால்வுகள நேரத்துக்கு திறந்து மூட வைக்கற டைமிங் பெல்ட் ஆயில்லயே ஊறிக்கிட்டு சுத்தும், இதை கட்டாயம் விசாரிங்க. தப்பான ஆயில் ஊத்தியோ ஆயில் மாத்தாமலோ விட்டா பெல்ட் ரப்பர் துகள் துகளா உதிர்ந்து, அடில ஆயில் உறிஞ்சற ஜல்லடைய அடைச்சிரும், ஆயில் பிரஷர் போச்சுன்னா இன்ஜினே போச்சு. 90,000 ஓடின வண்டின்னா பெல்ட் மாத்தின பில்லு இருக்கான்னு பாருங்க, இல்லன்னா கம்பெனி கொடுத்த கெடு எவ்வளவுன்னு பாத்து அந்த செலவ விலைல கழிச்சு பேசுங்க.

பாக்கப் போறப்ப காலைல போங்க, நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு சொல்லிட்டு போங்க. போனதும் முதல் வேலையா பானெட் மேல கைய வைங்க. சூடா இருந்தா எதையோ மறைக்கறாங்கன்னு உடனே முடிவு கட்ட வேணாம், ஆனா இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லிட்டு கிளம்பிருங்க. ஜில்லுன்னு இருந்தா ஸ்டார்ட் பண்ணச் சொல்லிட்டு நீங்க பின்னாடி போய் நில்லுங்க. முதல் புகை நீலமா வந்தா ஆயில் எரியுது. முன்னாடி இருந்து முதல் ரெண்டு செகண்ட் கடகடன்னு சங்கிலி சத்தம் வந்து அடங்குச்சுன்னா, பெல்ட்டுக்கு பதிலா டைமிங் செயின் உள்ள வண்டில அது தளர்ந்திருக்கலாம். அப்புறம் ரோட்டுல, மூணாவது கியர், 1,500 ஆர்பிஎம், ஆக்சிலேட்டர சீரா அமுக்குங்க, வண்டி ஒரே இழுப்பா இழுக்கணும், நடுவுல விக்கக்கூடாது, ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி மெல்லிசா ஒரு சத்தம் ஏறிக்கிட்டே போனா டர்போ பேரிங் தேஞ்சிருக்கலாம். மெக்கானிக் அண்ணன்கிட்ட ஸ்கேனர் இருந்தா கூட்டிட்டு போங்க, எரர் ஒண்ணும் இல்லன்னு காட்டலாம், அதுல ஏமாறாதீங்க, சுய சோதனைகள் முடியலன்னு காட்டுதான்னும் பாக்கச் சொல்லுங்க, அப்படி காட்டினா சமீபத்துல யாரோ எரர அழிச்சிருக்காங்கன்னு சந்தேகப்படலாம்.

இதெல்லாம் தேறிச்சுன்னா எடுங்க, அஞ்சு பேர் ஏத்த 1 லிட்டர் டர்போ நல்ல வண்டிதான். ரெக்கார்டு இல்லாத டர்போவா, ரெக்கார்டு உள்ள சாதா 1.2வான்னு வந்தா நான் கண்ண மூடிக்கிட்டு 1.2 எடுப்பேன், அதுல ரெண்டாம் பேச்சே இல்ல.

கேள்வி: வண்டி பின்னாடி 318னு போட்டிருந்துச்சு, 1.8 லிட்டர்னு நினைச்சு பேசிட்டு வந்தேன், ஆர்சில பாத்தா 1,499 சிசி. ஏமாத்தறாங்களா?

பதில்: இல்லைங்க. பின்னாடி ஒட்டியிருக்கற நம்பர் எல்லாம் ஒரு காலத்துல சிசிய சொல்லுச்சு, இப்ப கம்பெனிக்கு தோணினத சொல்லுது. 2015ல இருந்து சில வருஷம் வந்த பிஎம்டபிள்யூ 318ஐல 3 சிலிண்டர் 1.5 லிட்டர்தான். ஆடில 30, 35, 40ன்னு 2017ல கொண்டு வந்த நம்பர் சக்தி எந்த படில இருக்குங்கறதுக்கு, லிட்டருக்கு இல்ல. ஆர்சில இருக்கறதுதான் வேதம், அதை நம்புங்க.

கேள்வி: வணக்கம் சார். எங்க வீட்டுக்காரர் எடுத்தா 2 லிட்டர் டீசல்தான் எடுப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கறார். எங்க உபயோகம் என்னன்னா, பசங்கள பள்ளிக்கூடத்துல விட 4 கிலோமீட்டர், திரும்ப 4 கிலோமீட்டர், சாயங்காலம் மறுபடி. வருஷத்துக்கு ரெண்டு தடவ மலைக்கு போவோம். அந்த ரெண்டு தடவைக்காக இவ்வளவு பெரிய இன்ஜின் வேணுமா? நீங்க சொன்னா கேப்பார்.

பதில்: சகோதரி, கடைசி வரில என்னைய மாட்டி விட்டுட்டீங்க. சரி, அவருக்கும் சேத்து எழுதறேன்.

அண்ணே, 2 லிட்டர் டீசல் நல்ல இன்ஜின்தான், 1,750 ஆர்பிஎம்ல 300 நியூட்டன் மீட்டருக்கு மேல குடுக்கறதெல்லாம் இருக்கு, ஏழு பேர் ஏறினாலும் ஏத்தம் தெரியாது. ஆனா அந்த இன்ஜினுக்கு 4 கிலோமீட்டர்ங்கறது தூக்கத்துல இருந்து எழுப்பி பல்லு விளக்கறதுக்குள்ள திரும்ப படுக்கச் சொல்ற மாதிரி. நவீன டீசல் வண்டில சைலன்சர் பக்கம் கரிய புடிச்சு வைக்கற ஒரு வடிகட்டி இருக்கு, டிபிஎஃப்னு சொல்லுவாங்க. அது நிறைஞ்சதும் வண்டியே அதை சுமார் 600 டிகிரிக்கு சூடாக்கி கரிய எரிக்கும், அதுக்கு நல்ல வேகத்துல 15, 20 நிமிஷம் தொடர்ந்து ஓடணும். நீங்க எட்டாவது நிமிஷத்துல பள்ளிக்கூட வாசல்ல ஆஃப் பண்ணிடறீங்க. நாளைக்கும் அதேதான். எரிக்கறதுக்காக கூடுதலா பீச்சின டீசல் எரியாம சிலிண்டர் சுவர் வழியா வழிஞ்சு ஆயில்ல போய் கலக்கும். இப்படி ஓடின வண்டில ஆயில் அளவு பாக்கற கம்பிய, டிப்ஸ்டிக்க, உருவிப் பாத்தா ஆயில் மேல் கோட்டத் தாண்டி நிக்கும். ஆயில் குறையும், எங்கயாவது தானா கூடுமா? மோந்து பாத்தா டீசல் வாடை அடிக்கும். நீங்க பாத்து வச்சிருக்கற பழைய டீசலயும் இந்த மாதிரி உருவிப் பாத்துருங்க, அதோட பழைய ஓனரும் பள்ளிக்கூட டியூட்டி பாத்தவரா இருக்கலாம்.

வருஷத்துல 363 நாளுக்கு ஏத்த இன்ஜின எடுங்க, மிச்ச ரெண்டு நாளுக்கு வாடகை வண்டி எடுத்துக்கலாம், இல்ல இருக்கற வண்டிலயே ரெண்டாவது கியர்ல மெதுவா ஏறலாம். பெரிய இன்ஜின் வண்டின்னா டயர் பெருசு, பிரேக் பெருசு, ஆயில் அளவு கூட, இன்சூரன்ஸும் பெரும்பாலும் கூட, யானைய கட்டி தீனி போடறதுதான், தீனி 365 நாளும் போடணும். உங்க உபயோகத்துக்கு 1.2, மிஞ்சினா 1.5 பெட்ரோல். அண்ணனுக்கு மனசு கேக்கலன்னா, டர்போ இல்லாத 1.5 ஆட்டோமேட்டிக் ஒண்ண மலைப்பாதைல ஒரு தடவ ஓட்டக் குடுங்க, வாதாடறத விட அது நல்லது.

கேள்வி: பையனுக்கு இப்பதான் லைசென்ஸ் வந்திருக்கு. குடும்ப வண்டியதான் அவனும் ஓட்டுவான். பெரிய இன்ஜின் ஆபத்து, சின்னதே பாதுகாப்புன்னு எல்லாரும் சொல்றாங்களே?

பதில்: பாதி சரி. நிறைய சக்தி புது கைக்கு நல்லதில்ல, அதுல சந்தேகமில்ல. ஆனா ரொம்ப சின்ன இன்ஜினும் ஓவர்டேக் பண்றப்ப காலை வாரும், எதிர்ல வண்டி வருது, மிதிச்சாச்சு, வண்டி நகரல, அந்த நாலு செகண்ட் பையனுக்கு என்ன பண்றதுன்னு தெரியாது. நடுத்தரமா 1.2, 1.5 போதும். அந்த காசுல மிச்சம் புடிச்சு, ஏர்பேக் அதிகமுள்ள, வண்டி வழுக்கிப் போகாம தானா கட்டுப்படுத்தற இஎஸ்சி உள்ள வேரியண்ட தேடுங்க, சிசிய விட அதுதான் அவனுக்கு வேணும். அதோட எந்த இடத்துல ஓவர்டேக் பண்ணக்கூடாதுன்னு நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுங்க, அதுக்கு எந்த இன்ஜினும் வராது.

கேள்வி: போன தடவை நீங்க குடும்பத்தோட ஏறி ஓட்டிப் பாக்கணும்னு எழுதினத படிச்சிட்டு அஞ்சு பேரும் போனோம். விக்கறவர் முறைச்சிட்டு "ஒருத்தர் மட்டும் வாங்க, அதுவும் இந்த தெருவ சுத்தி ஒரு ரவுண்டு"ன்னுட்டார். எங்க பாட்டி வேற, இனிமே நான் எந்த வண்டிலயும் ஏற மாட்டேன்னு கோவிச்சுக்கிட்டாங்க. என்ன பண்றது?

பதில்: பாட்டிகிட்ட நான் மன்னிப்பு கேட்டதா சொல்லுங்க.

விக்கறவர் பக்கமும் யோசிங்க, யாரோ அஞ்சு பேர் அவர் வண்டிய மலைக்கு கொண்டு போறோம்னா பயம் வரத்தான் செய்யும். அவரையே ஓட்டச் சொல்லி நீங்க மூணு பேர் உக்காருங்க, பெட்ரோல் செலவ குடுத்துருங்க. பக்கத்துல மேம்பாலம் இருந்தா அது போதும், மலை வேணாம். பாலத்து அடில வண்டிய முழுசா நிறுத்தி, ஏசி போட்டு, அங்கிருந்து ஏறச் சொல்லுங்க. உச்சிக்கு போறதுக்குள்ள மூணாவது கியர் தாங்குதா, இல்ல அவரே ரெண்டாவதுக்கு இறங்கறாரான்னு அவர் கைய பாருங்க. தன் வண்டிய விக்கணும்னு நினைக்கறவர் கூட கை பழக்கத்த மறைக்க முடியாது, கியருக்கு போறதுக்கு முன்னாடி ஏசி பட்டனுக்கு போச்சுன்னா சொல்லவே வேணாம்.

அதுக்கும் மசியலன்னா ஒருத்தரே போங்க, ஆனா 20 லிட்டர் தண்ணி கேன் மூணு ரொப்பி எடுத்துட்டுப் போய் பின் சீட்ல பெல்ட்ட போட்டு இறுக்கி வைங்க, 60 கிலோ ஆச்சு, கிட்டத்தட்ட பாட்டி அளவு. மூடிய மட்டும் ரெண்டு தடவ சரி பாத்துக்குங்க, விக்கறவர் சீட் நனைஞ்சிருச்சுன்னா அப்புறம் அந்த வண்டிய நீங்கதான் வாங்கணும்.